தரையிலிருந்து அளந்த கோடு

ஜூன் 4

தம்பிக்கு அக்கா எழுதுவது.

இங்கே நானும் உன் அத்தானும் உயிரோடு இருக்கிறோம். நீயும் உயிரோடு இருக்க வேண்டும், ஏனென்றால் எனக்கு உன் கையெழுத்து தேவைப்படுகிறது.

போனில் சொன்னால் போதாதா என்று கேட்பாய். மூன்று தடவை பேசினோம். ஒரு தடவை நீ வைத்தாய், இரண்டு தடவை நான் வைத்தேன். வீடு மாற்றும் ஆபீஸில் இருக்கிற அதிகாரியம்மா, “வாயால பேசினது எதுவும் செல்லாதுங்க. எழுத்துல கேளுங்க, எழுத்துல பதில் வாங்குங்க, நகல் வச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டார். அதனால்தான் ரிஜிஸ்தர் தபால். நகலும் எடுத்துவிட்டேன். நாளைக்கு “அக்கா என்னைக் கேட்கவே இல்லை” என்று நீ புளுக முடியாது.

விஷயம் இதுதான். நம் வரிசையில் இருக்கிற பன்னிரண்டு வீட்டையும் காலி செய்யச் சொல்கிறார்கள். கடல் கிட்டே வந்துவிட்டது. நீ இங்கே இருந்த காலத்தில் நம் பின்வாசலிலிருந்து படகை இழுத்துக்கொண்டு போகிறவர்கள் நடுவில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குவார்கள். இப்போது அதே வாசலில் நின்று காறித் துப்பினால் தண்ணீரில் விழுகிறது. மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம், மேட்டில், ஆளுக்கொரு வீடு கட்டி முடித்துவிட்டார்கள். பழைய வீட்டை எழுதிக் கொடுத்தால் புது வீட்டுச் சாவி. பழையதை இடித்துவிட்டு அந்த இடத்தில் காற்றுக்குத் தடுப்பாக மரம் வைப்பார்களாம். வீடு அப்பா பெயரில் இருப்பதால் நாம் இரண்டு பேரும் போட வேண்டும். கடைசித் தேதி செப்டம்பர் முப்பது. மழைக்காலத்துக்கு முன்னால் எல்லாரையும் மேலே ஏற்றிவிட வேண்டும் என்று துடிக்கிறார்கள்.

பத்து வீடு போட்டாயிற்று. பாக்கி இரண்டு. ஒன்று நாம். இன்னொன்று மூலை வீட்டு கோந்து மாமா. சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டி ஒட்டிக் கையெல்லாம் கோந்தாக நிற்பாரே, அந்த மனுஷனை நீ மறந்திருக்க மாட்டாய். “உன் தம்பி போட்டா நானும் போடுறேம்மா. அவன் படிச்சவன், யோசிக்காம செய்ய மாட்டான்” என்கிறார். நீ படித்த லட்சணம் எனக்குத் தெரியும். அவரிடம் சொல்லவில்லை.

படிவம் இதோடு இருக்கிறது. பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடத்தில் போடு. வேறெங்கும் கிறுக்கி வைக்காதே.

அத்தான் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன்.

அக்கா


ஜூன் 23

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நகல் எடுக்கிறாயாமே, இதையும் எடுத்து வைத்துக்கொள். என் சுகத்தைப் பற்றி நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: நன்றாக இருக்கிறேன். டைல்ஸ் கம்பெனியில் நான் ஒருத்தன்தான் சூப்பர்வைசர் என்பதால் மூச்சுவிட நேரமில்லை. ஆகவே சுருக்கமாக: போட மாட்டேன்.

அப்பா ஊரில் உள்ளவன் வீட்டையெல்லாம் கட்டிக் கொடுத்துவிட்டுக் கடைசியில் தனக்கென்று கட்டினது அந்த ஒரு வீடு. அதை இடித்து மரம் வைப்பார்கள், அதற்கு நான் கையெழுத்துப் போட வேண்டும். ஏன், ஆடுகள் மேய்வதற்கு வேறு இடம் கிடைக்கவில்லையா? புது வீடு யார் பெயரில் வரும் என்று மட்டும் நீ எழுதவே இல்லை. அத்தான் பெயரில் என்று யூகிக்க எனக்குப் பெரிய மூளை தேவையில்லை. காதில் பூ சுற்றுவதற்கு வேறு ஆளைப் பார்.

கடல் வருகிறது, கடல் வருகிறது என்கிறாயே, நடு அறைச் சுவரைத் திரும்பிப் பார்த்தாயா? நீலப் பெயிண்டில் மூன்று கோடு இருக்கிறது. மூன்று வெள்ளத்துக்கு மூன்று, பக்கத்தில் வருஷம். நீ பிறந்த வருஷம் ஒன்று. எனக்குப் பதினோரு வயதில் ஒன்று. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒன்று. மூன்றும் முழங்கால் உயரம். ஒரு விரல்கடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இத்தனை வருஷத்தில் முழங்காலைத் தாண்டாத தண்ணீருக்குப் பயந்து வீட்டை எழுதிக் கொடுக்கிறவள் உலகத்தில் நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய்.

கோந்து மாமாவுக்கும் இதையே தனியாக எழுதிப் போட்டுவிட்டேன். எங்கள் வீட்டுச் சுவரைப் போய்ப் பாருங்கள், யார் மிரட்டினாலும் போடாதீர்கள் என்று.

தம்பி


ஜூலை 5

தம்பிக்கு,

நலமா என்று கேட்கிற மனநிலையில் நான் இல்லை.

உன் கடிதத்தை மாமா சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறார். காற்றடிக்க வருகிறவன், செயின் மாட்ட வருகிறவன் எல்லாருக்கும் படித்துக் காட்டுகிறார். ஒரு வாரமாக நம் நடு அறை கண்காட்சி மாதிரி ஆகிவிட்டது. தெருவே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்து, சுவர்ப் பக்கத்தில் நின்று, முழங்காலைக் கோட்டோடு வைத்துப் பார்த்துவிட்டுப் போகிறது. நான் தார்ப்பாய் தைக்கிற மெஷினை நிறுத்திவிட்டு நிற்க வேண்டியிருக்கிறது. முதலில் கையெழுத்துப் போட்ட இரண்டு பேர் படிவத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள். போதுமா உனக்கு?

போன சனிக்கிழமை ஒத்திகை வைத்தோம். எச்சரிக்கைக் குழுவுக்கு இந்த வரிசையில் நான்தான் பொறுப்பு என்பது உனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் அதற்கும் ஒரு நக்கல் எழுதியிருப்பாய். கைமைக்கில் கத்திக்கொண்டே போனேன்: காகிதங்களை எடுங்க, மருந்தை எடுங்க, கேஸ் அடுப்பை மூடுங்க, புயல் காப்பகத்துக்கு நடங்க. போன மாசம் பன்னிரண்டு வீடும் வந்தது. இந்தத் தடவை நாலே வீடு. மாமா ஸ்டூலில் உட்கார்ந்தபடி கையை ஆட்டுகிறார். “முழங்கால் தண்ணிக்கு யாராவது மேட்டுக்கு ஓடுவாங்களாம்மா? ரெண்டு மணி நேரம் ஸ்டூல் மேல உக்காந்தா வந்த வழியே போயிடும்.”

கோட்டைப் பற்றி எனக்குப் பதில் தெரியவில்லை. ஒப்புக்கொள்கிறேன். மூன்றாவது கோட்டை நானேதான் போட்டேன். முழங்கால்தான். ஆனால் அலை வாசலுக்கு வந்துவிட்டதையும் இந்தக் கண்ணால்தான் பார்க்கிறேன். இரண்டில் ஏதோ ஒன்று பொய்.

இன்னொன்று. ரிஜிஸ்தர் தபாலின் ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. அதில் கையெழுத்துப் போட்டிருப்பது நீ இல்லை. “லாட்ஜ் மேனேஜருக்காக” என்று எழுதியிருக்கிறது. டைல்ஸ் கம்பெனி சூப்பர்வைசருக்கு லாட்ஜில் என்ன வேலை? உன் மனைவி எங்கே?

அக்கா


ஜூலை 30

அக்காவுக்கு,

தபால்காரன் யாரிடம் கையெழுத்து வாங்கினான் என்று துப்பறிகிற நேரத்தில் இரண்டு தார்ப்பாய் தைக்கலாம். என் குடும்பத்தில் மூக்கை நுழைக்காதே.

யோசித்தேன். நீ எப்படியும் விடப்போவதில்லை. ஆகவே என் நிபந்தனையைச் சொல்லிவிடுகிறேன். புது வீட்டில் ஒரு அறை எனக்கு. தனி அறை, தனிச் சாவி. அதை முத்திரைத்தாளில் எழுதி, நீயும் அத்தானும் கையெழுத்துப் போட்டு, இரண்டு சாட்சியோடு அனுப்பு. வந்த பிறகு யோசிக்கிறேன். நீயும் எழுத்து, நகல் என்று ஆரம்பித்தவள்தானே. இப்போது நான் எழுத்தில் கேட்டால் கசக்கக் கூடாது.

எப்போதாவது வந்து தங்கத்தான் கேட்கிறேன். வேறெதையும் கற்பனை செய்துகொள்ளாதே.

தம்பி


ஆகஸ்ட் 19

தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி.

என் மெஷின் எத்தனை கனம் என்று உனக்குத் தெரியும். போன வாரம் அதன் ஒரு கால் நடு அறைத் தரைக்குள் இறங்கிவிட்டது. அடியில் உப்புத் தண்ணீர் ஊறி ஊறிச் செங்கல் பொடியாகிவிட்டதாம். அத்தான் கடப்பாரையை எடுத்து அந்த இடத்தைப் பெயர்த்தார், சிமென்ட் கொட்டலாமென்று. சுவரோரமாகத் தோண்டத் தோண்ட ஜல்லி. ஒன்றரை அடி கீழே சிவப்புத் தரை வந்தது. நான் சின்னவளாகச் சொட்டாங்கல் ஆடின தரை. அதையும் உடைத்தோம். இன்னொரு ஒன்றரை அடி கீழே கறுப்புத் தரை. அதுதான் அப்பா முதன்முதலில் போட்டது.

தரையை இரண்டு தடவை உயர்த்தினது தெருவுக்கே தெரிந்த கதை. முதல் இரண்டு வெள்ளத்துக்குப் பிறகும் அப்பாதான் பன்னிரண்டு வீட்டுக்கும், நடுவில் ஓடுகிற பாதைக்கும் சேர்த்து ஜல்லி கொட்டி உயர்த்தினார். அதனால்தானே நம் வீட்டில் மின்விசிறியைக் கழற்றினோம், வருகிறவர்கள் எல்லாம் நிலையில் தலை இடிக்காமல் குனிகிறார்கள். “எல்லாரும் எனக்கு வணக்கம் வச்சுக்கிட்டே வர்றாங்க பாரு” என்று அப்பா ஜோக் அடிப்பார்.

ஆனால் தோண்டின குழியில் சுவர் தெரிந்ததே, அங்கே கோடு இருந்தது. கறுப்புத் தரைக்கு மேலே முழங்கால் உயரத்தில் முதல் கோடு, நான் பிறந்த வருஷம். சிவப்புத் தரைக்கு மேலே முழங்கால் உயரத்தில் இரண்டாவது கோடு, உன் பதினோராவது வயசு. இரண்டும் அப்பாவின் கை. அவர் எழுதுகிற எண்களில் ஏழுக்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு இருக்குமே, அது இருந்தது.

அப்படியானால் மேலே, இப்போதைய சுவரில், அதே இரண்டு வருஷத்தைப் போட்டு முழங்கால் உயரத்தில் இருக்கிற கோடுகள் யார் போட்டது? அந்த ஏழில் குறுக்குக் கோடு இல்லை. போய்ப் பார்த்தேன். அது உன் ஏழு.

தையல் டேப்பை எடுத்துக் கறுப்புத் தரையிலிருந்து பிடித்தேன். முதல் வெள்ளம் என் முழங்கால். இரண்டாவது என் இடுப்பு. மூன்றாவது, நான் போட்டது, என் கழுத்துக்குக் கொஞ்சம் கீழே. கடல் ஒவ்வொரு தடவையும் ஒன்றரை அடி கூடுதலாக ஏறி வந்திருக்கிறது. நாமும் கூடவே தரையை ஏற்றிக்கொண்டு, மூன்று தடவையும் முழங்கால்தான் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். தரை உயர்ந்தது எல்லாருக்கும் தெரியும். கோடும் உயர்ந்தது உனக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த இரண்டாவது வெள்ளத்துக்குப் பிறகு நான் அம்மாவோடு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். திரும்பி வந்தபோது புதுத் தரை, புது வெள்ளை, கோடும் இருந்தது. நான் சந்தேகப்படவே இல்லை. நீ தெரிந்துகொண்டே அந்தக் கோட்டைக் காட்டி என்னை வாயடைத்தாய். அடப்பாவி.

தெருவைக் கூப்பிட்டுக் குழியைக் காட்டினேன். படிவத்தைத் திருப்பிக் கேட்ட இரண்டு பேரும் அது ஆபீஸிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். மாமா மட்டும் நம்பவில்லை. குழிக்குள் எட்டிப் பார்த்தார், பையிலிருந்து உன் கடிதத்தை எடுத்தார். “கோடு போட்டவனே எழுதியிருக்கானேம்மா. அவன் எங்கிட்ட பொய் சொல்ல மாட்டான். சொத்துத் தகராறுல நீங்க ஆயிரம் தோண்டுவீங்க.”

கையெழுத்தை விடு. அது உன் பங்கு, போட்டால் போடு, போடாவிட்டால் போ. மாமாவுக்கு ஒரு கடிதம் எழுது. அந்தக் கோடு நான் போட்டது, தப்பாகப் போட்டது, ஒத்திகைக்குப் போங்கள், சைரன் அடித்தால் கிளம்புங்கள். நாலு வரி. நான் சொன்னால் அவருக்கு ஏறாது. நீ சொல்ல வேண்டும்.

அக்கா


செப்டம்பர் 12

தம்பிக்கு,

ஒப்புகை அட்டை ஆகஸ்ட் இருபத்தைந்தாம் தேதியே வந்துவிட்டது. இந்தத் தடவை உன் கையெழுத்துதான். ஆக, படித்துவிட்டாய்.

தினமும் மாமா கடையைத் தாண்டித்தான் தண்ணீருக்குப் போகிறேன். “தம்பிகிட்டேருந்து ஏதாச்சும் வந்துச்சா?” என்று அவர்தான் என்னைக் கேட்கிறார்.

நாலு வரிடா.

அக்கா


செப்டம்பர் 28

அக்காவுக்கு,

ஆமாம், நான்தான் போட்டேன். திருப்தியா? இதையும் நகல் எடுத்து ஊர் பூராவும் ஒட்டு.

அப்பா தரை வேலையை முடித்துவிட்டு, மூடிப்போன இரண்டு கோட்டையும் சுவரில் திரும்பப் போடச் சொல்லிவிட்டு அடுத்த வீட்டு வேலைக்குப் போனார். எனக்குப் பதினோரு வயது. முன்னால் முழங்கால் உயரத்தில் இருந்ததா, நானும் புதுத் தரையில் நின்று முழங்கால் உயரத்தில் போட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தவர் என் பிடரியில் ஒன்று வைத்தார். “தரையிலேருந்து அளக்கிறியேடா மடையா. தரை நாம போட்டது. கடலுக்கு நம்ம தரை தெரியுமா?” சுரண்டிவிட்டு, கதவு நிலையின் மேல்கட்டையிலிருந்து கீழ்நோக்கி அளந்து சரியாகப் போடச் சொன்னார். சரியாக அளந்தால் இரண்டு கோடும் தரைக்கு அடியில்தான் வரும், சுவரில் காட்ட ஒன்றுமே இருக்காது. அதனால் நாளைக்குச் சுரண்டிக்கொள்ளலாம் என்று விட்டேன். அடுத்த மாதம் சாரத்திலிருந்து விழுந்தார், படுக்கையாகிவிட்டார். பிறகு யார் கேட்டார்கள்? வருஷம் போகப் போக எனக்கே அந்தக் கோடு உண்மை மாதிரி ஆகிவிட்டது. உனக்கு எழுதும்போதுகூட பாதி நம்பித்தான் எழுதினேன். பாதி நம்பவில்லை.

அந்தத் தெருவில் என்னை உருப்படாதவன் என்று சொல்லாத ஒரே ஆள் மாமா. வாடகை சைக்கிளைச் சும்மா கொடுத்து ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். அவரிடமே போய் நான் பொய்யன் என்று எழுதிக் கொடுக்கச் சொல்கிறாய். உனக்கு அதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, மறுக்காதே.

எழுதுகிறேன். ஆனால் முதலில் அறைப் பத்திரம் வரட்டும். வந்ததும் படிவம், மாமாவுக்குக் கடிதம், இரண்டும் ஒன்றாக வரும். அதற்கு முன்னால் ஒன்றும் வராது.

தம்பி


அக்டோபர் 9

தம்பிக்கு,

கெடு முடிந்துவிட்டது. பத்து வீட்டுக்காரர்களும் மேட்டுக்குப் போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொள்ளாதே. வரிசை முழுசாகக் கையெழுத்தாகாமல் ஒருத்தருக்கும் சாவி கிடையாதாம். அந்த ஆபீஸ் அம்மா யார் யார் காலிலோ விழுந்து நவம்பர் கடைசி வரைக்கும் தள்ளி வாங்கியிருக்கிறார். இதற்கு மேல் கையை விரித்துவிடுவார்கள்.

இந்தா, உன் அறை. முத்திரைத்தாளில் எழுதியிருக்கிறது. நான், அத்தான், இரண்டு சாட்சி. கிழக்குப் பக்க அறை, தனிச் சாவி. உனக்கு வேலை போய்விட்டது என்றும், உன் மனைவி பிள்ளையை அழைத்துக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள் என்றும் அவளே எனக்குப் போன் செய்து சொன்னாள். போன மாசமே சொன்னாள். போக இடமில்லை அக்கா என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் பத்திரம் இல்லாமலே அந்த அறையைக் கொடுத்திருப்பேன். அதற்கு வாய் வரவில்லை, தெருவையே பணயம் வைக்க மட்டும் வந்தது.

இனிமேல் என் பக்கம் ஒன்றும் பாக்கியில்லை. மாமாவுக்கு எழுது. மழை ஆரம்பித்துவிட்டது.

அக்கா


நவம்பர் 13

அக்காவுக்கு,

லாட்ஜ் டீவியில் பார்த்தேன். பதினோராம் தேதி மத்தியானம் கடல் உள்ளே வந்துவிட்டது என்று சொல்கிறார்கள். எந்த ஊர், எந்தத் தெரு என்று ஒன்றும் தெளிவாகக் காட்டவில்லை, ஒரு பாலமும் சாய்ந்த கம்பமும் திரும்பத் திரும்ப வருகிறது. உன் போன் அணைந்திருக்கிறது. அத்தான் போனும் அப்படியே.

படிவத்தில் கையெழுத்துப் போட்டு உன் பெயருக்கும், கடிதம் எழுதி மாமா பெயருக்கும், பத்தாம் தேதி காலையில் இரண்டையும் ரிஜிஸ்தரில் அனுப்பினேன். உன் பத்திரம் வந்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது, தெரியும். எழுதுவேன், கிழிப்பேன். எட்டு தடவை கிழித்தேன். பிறகு எழுதிவிட்டேன். எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன், அப்பா அடித்தது உட்பட.

நீங்கள் எல்லாரும் சுகமா? ஒரு வரி போடு. எத்தனை வேண்டுமானாலும் திட்டு, ஆனால் போடு.

தம்பி


நவம்பர் 25

தம்பிக்கு,

காப்பகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்கு ஒன்றுமில்லை, அத்தானுக்கு உள்ளங்கையில் ஆறு தையல்.

காலை ஒன்பது மணிக்கு ஆபீஸிலிருந்து தகவல் வந்தது. ஒன்பதேகாலுக்குக் கைமைக்கை எடுத்தேன். முதல் வீட்டு ஐஸ் கம்பெனிக்காரர் குடும்பம் அரைமணியில் கிளம்பிவிட்டது. இரண்டாவது வீட்டு டிரைவர் வண்டியைக் கொண்டுவந்து நடக்க முடியாதவர்களை ஏற்றினார். மூன்றாவது வீட்டு நர்ஸம்மா மருந்துப் பெட்டியோடு முன்னால் போனாள். நாலாவது வீட்டில் டீவியைத் தூக்கிக்கொண்டு வருவேன் என்று ஒருத்தன் அடம் பிடித்தான், செம திட்டு வாங்கிக்கொண்டு போட்டுவிட்டு வந்தான். ஐந்து, ஆறு, இரண்டும் அண்ணன் தம்பி வீடு, பேச்சுவார்த்தை கிடையாது, ஒரே பாயைத் தலையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஏழாவது நாம். எட்டில் பிரசவமாகிப் பன்னிரண்டு நாள், தாயும் பிள்ளையும் பத்திரம். ஒன்பதாவது வீட்டு டீச்சர் எல்லார் காகிதங்களையும் ஒரே பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிக்கொண்டு வந்தார். பத்து, பதினொன்று, இரண்டு வீட்டையும் அத்தான் கூட்டி வந்தார்.

தண்ணீர் இரண்டு மணிக்கு வந்தது. நம் ஜன்னலுக்கு மேல் விளிம்பு வரை ஏறியிருக்கிறது. பிறகு கடல் பக்கத்துச் சுவர் போய்விட்டது. உன் கோடு இருந்த சுவர் நிற்கிறது, கோடு இல்லை.

ஆபீஸில் புது வீட்டுச் சாவிகளைக் கொடுத்துவிட்டார்கள். எழுதிக் கொடுக்க வீடே இல்லாததால் கையெழுத்து வேண்டாமாம். உன் படிவம் நேற்று வந்தது. வைத்திருக்கிறேன்.

அக்கா


டிசம்பர் 4

அக்காவுக்கு,

நீங்கள் இரண்டு பேரும் தப்பித்தது தெரிந்து நன்றாக மூச்சு விட்டேன். உண்மையாகத்தான் சொல்கிறேன், நம்பாவிட்டால் போ.

ஆனால் பதினொரு வீட்டை எழுதியிருக்கிறாய். நம் வரிசையில் பன்னிரண்டு. உன் கடிதத்தில் நாலு தடவை எண்ணிவிட்டேன். மூலை வீடு இல்லை.

முந்தாநாள் தபால்காரர் ஒப்புகை அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார், மாமாவுக்கு அனுப்பினதன் அட்டை. கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார். ஈரம் பட்டு மை ஊறிப் பெயர் தெரியவில்லை, ஆனால் வாங்கியாயிற்று, தேதி நவம்பர் இருபத்துநாலு. அப்போதுதான் புரிந்தது: வேண்டுமென்றே அவரை விட்டிருக்கிறாய். என்னைத் துடிக்க விடுவதற்கு. பரவாயில்லை, எனக்கு அது தேவைதான்.

கடிதத்தைப் படித்துவிட்டு என்ன சொன்னார்? என்மேல் ரொம்பக் கோபமா? நான் வந்தால் பேசுவாரா என்று மட்டும் கேட்டு எழுது. பத்தொன்பதாம் தேதி கிளம்பலாம் என்று இருக்கிறேன்.

தம்பி


டிசம்பர் 13

தம்பிக்கு,

நான் வேண்டுமென்று விடவில்லை. எழுத வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

மூன்று தடவை அவர் வாசலுக்குப் போனேன். ஒன்பதரைக்கு, பத்தரைக்கு, பன்னிரண்டுக்கு. மூன்றாவது தடவை கையைப் பிடித்து இழுத்தேன். நல்ல பகல், கடையைப் பாதி திறந்து வைத்திருந்தார். ஸ்டூலின் மேல் டியூப்களையும் பம்பையும் அடுக்கி, நம் வீட்டுக் கோட்டின் உயரத்துக்கு மேலே வருகிற மாதிரி அளந்து வைத்திருந்தார். “நீ போம்மா, மத்தவங்களைப் பாரு. முழங்காலுக்கு மேல வராது. தம்பி எழுதியிருக்கான்ல” என்று பையைத் தட்டிக் காட்டினார். எட்டாவது வீட்டில் பச்சைப்பிள்ளை இருந்தது. நான் கையை விட்டுவிட்டு அங்கே ஓடினேன். அதை நீ எனக்குச் சொல்ல வேண்டாம், தினமும் நானே சொல்லிக்கொள்கிறேன்.

மறுநாள் தண்ணீர் வடிந்ததும் அத்தானும் டிரைவரும் ஷட்டரைத் தூக்கினார்கள். ஸ்டூல் விட்டத்தில் செருகியிருந்தது. உன் ஜூன் மாசத்துக் கடிதம் அவர் பையிலேயே இருந்தது, எழுத்தெல்லாம் கரைந்து வெறும் தாளாக.

நீ பத்தாம் தேதி அனுப்பினதைத் தபால்காரர் இருபத்துநாலாம் தேதி காப்பகத்துக்குக் கொண்டுவந்தார். மூலை வீட்டில் வாங்க ஆள் இல்லை, யாரிடம் கொடுப்பது என்று நின்றார். ரிஜிஸ்தர் என்பதால் யாராவது கையெழுத்துப் போட்டால்தான் கொடுப்பாராம். நான் நனைந்த கையோடு போட்டேன். பிரிக்கவில்லை. அதில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும், அது எனக்கு எழுதினதும் இல்லை. இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

கிழக்கு அறையின் சாவி ஆபீஸில் உன் பெயரில் இருக்கிறது. எழுதிக் கொடுத்ததை நான் மீற மாட்டேன். பத்தொன்பதாம் தேதி வந்தால் நேராகப் போய் வாங்கிக்கொள். என்னிடம் பேச வர வேண்டாம்.

அந்த ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வைத்திருப்பாய். அதில் இருக்கிறது என் கையெழுத்து.

அக்கா